நாய் குரைக்கும் நேரம்

கழகத்தின் கணக்கு எழுதுகிறவன் நான்,
ஆகவே இதையும் எழுதிவைக்கிறேன்.

புந்தா அரேனாஸ், ஜூன் மாதம்.
ஐந்தரைக்கே இருட்டிவிடும்.
கம்பளிக் கிடங்கின் மாடியில்
நாற்பத்தோரு நாற்காலி,
அதில் ஒன்று உட்காருவதற்கு அல்ல.

ப்ரொஜெக்டர், பல் மருத்துவக் கல்லூரி கழித்துக் கட்டியது.
எச்டிஎம்ஐ தவிர வேறெதையும் வாயில் வைக்காது.
ஆம்ப்ளிஃபயர், துறைமுகத் தொழிலாளர் சங்கத்துச் சீதனம்.
தூக்க இரண்டு ஆள். முதுகில் இரண்டே துளை,
ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை.
ஒரே கூரையின் கீழ்
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள்.
நடுவே ஒரு தரகர் வேண்டும்.
கையிருப்பு ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் பேசோ,
எல்லாம் எம்பனாதா விற்ற காசு.

லாப்டாப் போதுமே, என்றான் ஓவீதியோ.
போன மாதம் போதவில்லை.
நாயகி கடிதத்தைப் பிரிக்கிறாள்,
திரை முழுக்க நீலம்:
புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்.
பதினெட்டு சதவீதத்தில்
பாதிப் பேர் கோட்டை மாட்டிக்கொண்டார்கள்.
கடிதத்தில் என்னதான் இருந்தது என்று
பேக்கரிக்காரர் இன்றும் ரொட்டியோடு கேட்கிறார்.

தீர்வையில்லாக் கடையில் உள்ளங்கையளவு ஒரு பெட்டி.
எந்தக் கோப்பையும் திறக்கும் என்றான் பையன்.
திறந்தது.
வசன எழுத்தில் மட்டும்
ஓர் எழுத்தின் தலைமேலிருந்த அலைக்கோட்டைக் காணோம்.
அந்தக் கோடு உதிர்ந்தால் எங்கள் மொழியில்
வருடம் ஆசனவாய் ஆகிவிடும்.
உனக்காகப் பத்து வருடம் சுமந்தேன் என்று
திரையில் ஒருவன் கண்ணீர் விட,
முதலில் சிரித்தது மரியன்ஹெலா டீச்சர்.
பெட்டியைத் திருப்பிக் கொடுத்தோம்.

நெவென்காவின் சித்தி ஸ்பிலிட்டிலிருந்து அனுப்பும் டிஸ்க்குகளை
இந்தக் கண்டத்து ப்ளேயர்கள் விழுங்கி, சுற்றிப் பார்த்து,
வேறு பிரதேசம் என்று துப்பிவிடும்.
எங்கள் ஆட்கள் கப்பலில் வந்து இறங்கியபோதுகூட
யாரும் இப்படித் திருப்பி அனுப்பவில்லை, என்பாள் அவள்.

கடைசியில் லௌதாரோவின் சைக்கிள் கடை.
டியூப்களுக்கு அடியில் ஒரு பழைய ப்ளூரே ப்ளேயர்,
ஏதோ ஒரு மாலுமி பிரதேசப் பூட்டை உடைத்து வைத்தது.
முதுகில் சிவப்பு, வெள்ளை.
முப்பத்தையாயிரம்.
ரிமோட் கிடையாது.

சோதித்துப் பார்க்க, ஓவீதியோ எடுத்த துண்டுப் படம்:
போர்வெனீர் படகுத்துறை, சாய்பலகை, ஒரு நாய்.
குரைப்பு கேட்டது. பிறகு வாய் திறந்தது.
எங்களுக்கு என்னவோ உறுத்தல், அவ்வளவுதான்.
நெவென்காவுக்கு இடக்காது கேட்காது, வலக்காது பாதி,
மீதியை உதடுகளில் எடுத்துக்கொள்கிறவள்.
எழுந்து நின்றாள்:
நாய் பிந்துகிறது.

ப்ரொஜெக்டர் எதையும் யோசித்துவிட்டுத்தான் காட்டும்.
ஆம்ப்ளிஃபயர் யோசிப்பதே இல்லை,
சங்க மேடையில் பழகியது.

யாருக்குத் தெரியப்போகிறது?
எனக்கு, என்றாள்.

ஒலியைத் தாமதிக்க மெனுவில் இடம் இருக்கிறது.
மெனுவுக்குள் நுழைய ரிமோட் வேண்டும்.
ரொட்டிப் பையில் ஊரிலிருந்து பதினோரு ரிமோட் சேர்ந்தது.
ஒன்பதாவதற்கு அது கண் விழித்தது,
பஸ் ஓட்டும் ஹெராக்லியோவுடையது.
நாற்பது மில்லிசெகண்ட். தலையாட்டினாள், இல்லை.
எண்பது. இல்லை.
நூறு. உதட்டைப் பிதுக்கினாள்.
நூற்றிருபதில்
நாய் வாயைத் திறந்தது,
குரைத்தது.
அவள் உட்கார்ந்தாள்,
உட்காரக் கூடாத நாற்காலியில்.

வியாழன் அன்று அதே பழைய படம்.
நாயகி கடிதத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்குகையில்
ஜலசந்திக் காற்று கூரைத் தகட்டைப் பிடித்து உலுக்கியது.
சங்கத்து ஆம்ப்ளிஃபயராலும் முடியவில்லை.
ரிவைண்ட், ரிவைண்ட், என்றார் பேக்கரிக்காரர்.
அன்றிரவு கால்பந்து.
ரிமோட் ஹெராக்லியோ வீட்டுக்குப் போயிருந்தது.

படியிறங்கும்போது நெவென்கா
பேக்கரிக்காரர் காதோடு ஏதோ சொன்னாள்.
அவர் தொப்பியைக் கழற்றி
சுவரோடு சற்று நின்றார்.

ப்ளேயர் முப்பத்தையாயிரம், ஒயர் ஆறாயிரத்து இருநூறு,
பேட்டரி ஆயிரத்துத் தொள்ளாயிரம்,
இருப்பு ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
கூட்டிக்கொண்டிருந்தேன்.
கடிதத்தில் என்ன இருந்தது,
எனக்குத் தெரியாது.