எழுபத்திரண்டில் ஒரு பங்கு

இந்த அளவில் தவமணியின் உயரம்
இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்.
ஸ்பிட்ஃபயரின் இறக்கையருகே அவளை
மனசுக்குள் நிறுத்திப் பார்த்துவிட்டு
போய்ச் சொன்னேன்.
'அப்போ உங்க தொந்தி?' என்றாள்.

முப்பத்தைந்து வருடம் பல் செட்டு செய்தவன் நான்.
யாரோ ஒரு டாக்சிக்காரரின் கடைவாய்ப் பல்லைச்
செதுக்கிய அதே கொக்கியால்
ஹன்டரின் வயிற்றில்
தகடும் தகடும் சேரும் கோட்டைக் கீறியிருக்கிறேன்.
பிசகு மயிரிழைதான் என்றாலும்
அங்கே நாக்கு கண்டுபிடிக்கும்,
இங்கே விரல்.

டிசம்பர் மழையில் வார்னிஷ் பூத்துப்போகும்,
பால் சிந்தியதுபோல்.
ஈரம் குறையட்டும் என்று
ஒரு ஸ்கைஹாக் சாயமில்லாமல்
அரிசி வாளியின் மூடிமேல்
இரண்டு வாரம் கிடக்கும்.
அதை நகர்த்தாமல் அரிசி அள்ள
அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பாய லேபாரிலிருந்து எழும்புகிறவை
எங்கள் ஹவ்காங் கூரையை
உரசுகிற மாதிரி போகும்.
இடுக்கியை அசைக்காமல் பிடித்திருப்பேன்,
தண்ணீரில் ஊறிய எண் ஒட்டி
அதன் நுனியில் நடுங்க.
எதையும் சுருக்கிவிடலாம்.
சத்தத்துக்கு மட்டும் அளவுகோல் இல்லை.

எண்பத்தொன்றில்,
புதுவீட்டுச் சாவி வாங்கிய வாரம்
அவள் வைத்தது ஒரே நிபந்தனை:
'பிளேன் இருக்கட்டும். குண்டு வேணாம்.'
காரணம் நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
இன்றைக்கு எண்பத்து மூன்று விமானங்கள்,
இறக்கைக்கு அடியில் எல்லாத் தாங்கிகளும் காலி.
பிராஸ் பசாவில் கடை வைத்திருந்த குவெக்
ஒருமுறை வந்து பார்த்துவிட்டு
'உன் படை சம்பளம் வாங்கிக்கொண்டு
சும்மா ஊர் சுற்றுகிறது' என்றார்.

குண்டுகளை எறிய மனமில்லை.
ஒவ்வொன்றையும் ஒட்டி, தேய்த்து, சாயமிட்டு,
மூக்கில் மஞ்சள் வளையம்கூட வைத்து
பிஸ்கட் டின்னில் போட்டு
தையல் மெஷினுக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

போன செப்டம்பரில்
புளோக்குக்குப் பின்னால் பள்ளம் தோண்டிய இயந்திரம்
பழைய போரின் குண்டு ஒன்றைத் தட்டி நின்றது.
போலீஸ் கதவு கதவாக வந்தது.
முக்கியமானதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னது.
பாஸ்போர்ட். இனிப்புநீர் மாத்திரை.
அப்புறம் அலமாரி முன்னால் நின்றேன்.
எண்பத்து மூன்றில் எதை?
கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு
லிஃப்டுக்குப் போனேன்.

சமூக மன்றத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில்
தவமணி மடியிலிருந்த பையைத் திறந்தாள்.
பிஸ்கட் டின்.
'இதையா தூக்கிட்டு வந்தே?'
'வெடிக்கப் போற எடத்துல
இதையும் விட்டுட்டு வரச் சொல்றீங்களா?'
பக்கத்திலிருந்த மலாய்க்கார மாது
பேரனுக்கு ஒன்று கிடைக்குமா என்பதுபோல்
எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

மூடி திறந்தது.
நாற்பது வருடத்தில் முதல்முறையாக
அவள் அதற்குள் விரல் விட்டுக் கிளறினாள்.
'கிராம்பு மாதிரி இருக்கு.'
நான் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.
ஜப்பானிய விமானம் ஒன்றின் பெட்டியில் வந்தது;
சாம்பல் உடம்பு, நான்கு சின்ன வால்தகடு.
'அங்கே கெடக்கிறது அநேகமா இதுதான்.'
அவள் எதுவும் கேட்கவில்லை.
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
டிவி பார்ப்பவள்போல் எதிர்ச் சுவரைப் பார்த்திருந்தாள்.

பதினொன்றரைக்குச் சத்தம் வந்தது.
அவள் கை மூடிக்கொண்டது.

வீடு திரும்பியபோது
ஒரு மொஸ்கிட்டோவின் காற்றாடி மட்டும்
கழன்று தட்டில் கிடந்தது.
ஐந்து நிமிட வேலை.
டின் பழைய இடத்துக்குப் போனது.
அந்த ஒன்றை அவள் திருப்பித் தரவில்லை;
நான் கேட்கவும் இல்லை.

இந்த வாரம் புதுப் பெட்டி திறந்தேன்.
வழக்கம்போல் குண்டுகளை முதலில் நறுக்கி
டின்னில் போட்டேன்.
டிக்.
சமையலறையில் குழாய் நின்றது.
கொஞ்ச நேரம் கழித்து
மறுபடி ஓடியது.