இரண்டு கீறல்

ஒற்றைக்குழல், வாய்வழி கெட்டிப்பது, நம்பர் 318.
பேரேட்டில் என் பெயர் தையல்நாயகி.
உள்ளாட்சித் தேர்தலுக்காகக் கார்த்திகையில் ஒப்படைத்தது.
தை பிறந்து ஒன்பது நாள்.
ஓட்டெண்ணி முடிந்தும் இத்தனை நாளா என்றேன்.
ரைட்டர் இதாயத்துல்லா சாவியைத் தேடிக்கொண்டே இருந்தார்,
அதுதான் பதில்.

கோணியில் சுற்றி வேதாரண்யத்தில் பஸ் ஏறினேன்.
மண்வெட்டியா என்றார் கண்டக்டர்.
மாதிரிதான் என்றேன்.
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

குத்துகோலில் இரண்டு கீறல் போட்டிருக்கிறேன்.
மேல்கீறல் வாயைத் தொட்டால் குழல் காலி.
கீழ்க்கீறலோடு நின்றால்
உள்ளே மருந்து உட்கார்ந்திருக்கிறது.
வீட்டுக்கு வந்ததும் விட்டுப் பார்த்தேன்.
இரண்டுக்கும் நடுவில் நின்றது.

கெட்டிக்காமல் கொடுத்த துப்பாக்கி.
போலீஸ் ஸ்டேஷனில் யார் கெட்டித்திருப்பார்கள்?

கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன்.
சேறாய் வந்தது.
பிறகு ஒரு சிலந்தி, இன்னொரு சிலந்தி,
காலை மடக்கிக்கொண்டு
சாகாமல் தூங்குகிற மாதிரி ஏழு சிலந்தி.
கடைசியில் அரிசி போல ஒரு வெள்ளைப் புழு.
குளவி.
இரும்பலமாரிக்குள் எந்த வழியாகப் போனதோ
தேர்தலைப் பார்க்காமல் வீடு கட்டியிருக்கிறது.

தஞ்சாவூர்க் கடையில் மரியசூசை
இரண்டைக் காட்டினார் அன்றைக்கு.
ஒன்று கட்டை பளபளவென்று, பித்தளைப் பூ வேலை.
இதைக் குழல் வழியே வானத்தைப் பார்த்து எடுத்தேன்.
உள்ளே வட்டம் வட்டமாக வெளிச்சம்,
எங்கும் உடையாமல்.
குதிரையை இழுத்து விட்டால்
நிப்பிள் மேல் நேராக விழுந்தது, சாயவில்லை.
அம்மா, அதுதான் அழகு என்றார் அவர்
பளபளப்பைக் காட்டி.
வெடிக்கும்போது கன்னத்தில் இருக்கப்போவது என் கன்னம்.

இங்கே உப்பளக் காற்று.
ஒரு ராத்திரி துடைக்காமல் வைத்தால்
காலையில் இரும்புக்கு மீசை முளைத்திருக்கும்.
தேங்காயெண்ணெய் தை மாசத்தில் உறைந்துவிடுகிறது,
அதனால் தையல்மெஷின் எண்ணெய்,
என் பெயருக்கே வாங்கினது போல.
துணி கறுப்பு தீர்ந்து வெளுப்பாக வரும்வரை இழுத்தேன்.
கோல் மேல்கீறலுக்கு இறங்கியது.
சரி என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி
கடலைக் கொல்லையில் மான்.
கோடியக்காட்டு வேலியைத் தாண்டி வருகிற வெளிமான்,
முறுக்குக்கொம்பு ஆண்.
சுட்டால் ஜெயில். சுடவும் தோன்றாது.
மருந்து, மேலே தேங்காய்நார், அவ்வளவுதான் கெட்டிப்பு,
சத்தத்துக்கு.
குழலைக் கடல் பக்கம் வானத்துக்குத் தூக்கி
குதிரையை விட்டேன்.

கேப்பு மட்டும் வெடித்தது.
தீக்குச்சி உரசின அளவு.

இப்படி ஆனால் குழலை இறக்கக் கூடாது,
அறுபது எண்ண வேண்டும்.
உள்ளே நெருப்பு யோசித்துக்கொண்டிருக்கலாம்.
ஒன்று, இரண்டு.
மான் தலையைத் தூக்கிப் பார்த்தது.
பனி முழங்கை வழியாக இறங்கிற்று.
பதினேழு.
அது குனிந்து ஒரு செடியைப் பிடுங்கியது,
வேரில் இன்னும் பிஞ்சு வைக்காத செடி.
ஏய் என்று கத்தலாம்.
கத்தினால் கணக்குத் தப்பும்.
முப்பத்தொன்று. அடுத்த செடி.
கை நடுங்கினாலும் வானத்தை விட்டு இறங்காமல்
நான் நிற்க,
எனக்கு எதிரே அது மென்றது.
ஐம்பத்தெட்டில் நிதானமாக நடந்து போனது,
முடிந்துவிட்டதென்று அதற்கும் தெரிந்த மாதிரி.

காலையில் நிப்பிளைக் கழற்றி
ஊசியால் குத்தினேன்.
கடுகளவு மண் விழுந்தது.
கெட்டித்த மருந்தைத் திருகு விட்டு இழுத்து
வாய்க்காலில் கொட்டினேன்.
கடைமடைக்கு எப்போதோ வருகிற தண்ணீர்
கறுத்து, பிறகு தெளிந்தது.

பதினோரு செடி போயிருந்தது.
அந்தக் குழிகளை மிதித்து மூடிவிட்டு
ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்,
அலமாரிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள் என்று.