கூரையே தரை

திருப்பதிக்கு மொட்டை போட ஆள் ஏற்றிப்போன வேன் இது.
பதினேழு சீட்டைக் கழற்றிவிட்டு
ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சின்னதாய் ஒரு ஃபிரிட்ஜ்.
மூன்று மழைக்காலம் சிலிகான் பூசிப் பூசி
ஒழுகாத கூரையாக்கினார் திருமேனி.
அதில்தான் நான்
ஓட்டை போடச் சொன்னேன்.

"காந்தத்துல ஒட்டிக்கோயேன்" என்றார்.
ஒட்டினோம்.
ஆல்பேட்டை தாண்டி ஒரு வேகத்தடை.
பின்னால் வந்த பால்காரரின் கேன்மேல்
விழுந்தது ஆன்டெனா.
அவர் அலைவரிசைக்கு
லைசென்ஸ் ஏதும் தேவைப்படவில்லை.

முதுநகரில் இருசப்பன் பட்டறை.
விசைப்படகுக்குப் பற்றவைக்கிற ஆள்.
ஏணியேறி, பென்சிலால் பெருக்கல் குறி போட்டு
"இங்கயா அண்ணி? ஓரமா வச்சா என்ன?" என்றான்.

நடுவில்தான். நாலு பக்கமும் தகரம் விரியவேண்டும்.
ரப்பர் சக்கரத்தில் நிற்கிற வண்டிக்கு
மண் கிடையாது இருசப்பா.
நம் தலைக்கு மேலே இருக்கும் இந்தத் தகரம்தான்
அது கால் ஊன்றுகிற தரை.

"எங்க வீட்டுப் பட்டாவும் அப்படித்தான்,
அந்தரத்துல நிக்குது"
என்று டிரில்லை அழுத்தினான்.
திருமேனி டீ குடிக்கப் போய்விட்டார்.

அரிசி டப்பா மூடியில்
'டங்' என்று விழுந்தது ஒரு வட்டத் தகரம்.
அது விட்டுப்போன வழியே
வெயில் ஒரு கோலாக இறங்கி
கட்டிலில் உட்கார்ந்தது.
யார் நீ என்பதுபோல் பார்த்தேன்.

மாட்டினோம். மீட்டரில் மூன்று.
சொன்னதில் கால்வாசி
சொன்னவளிடமே திரும்பி வருகிறது என்று பொருள்.
பதினோரு வருடம் இன்சூரன்ஸ் பாலிசி விற்றவளுக்கு
இது ஒன்றும் புதிதில்லை.
ஆனாலும் இது தகரத்தின் குற்றமில்லை.
வாஷருக்கு அடியில் பழைய வெள்ளைப் பெயிண்ட்,
தொட்டுக்கொண்டிருப்பதுபோல் காட்டி
தொடாமல் வைத்திருந்தது.
உப்புத்தாளால் தேய்த்தோம்.
உப்புக்காற்று வருமுன் கிரீஸ் தடவி இறுக்கினோம்.
ஒன்றரை.

லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதைக்கு முன்
"மடக்கியாச்சா?"
"மடக்கியாச்சு."
ஏறி வந்ததும்
"நிமித்தியாச்சா?"
"நிமித்தியாச்சு."
இருபத்திரண்டு வருடத்தில்
இத்தனை ஒத்த பேச்சு இதுதான்.

தேவனாம்பட்டினம்.
பஜ்ஜி வண்டிகள் போய்விட்ட நேரம்.
ஏழு மெகாஹெர்ட்ஸ் முழுக்க மாவு அரைக்கிற சத்தம்.
ஃபிரிட்ஜை அணைத்தேன். கொஞ்சம் குறைந்தது.
ஃபேன். சார்ஜர். சோலார் பெட்டி.
ஒவ்வொன்றாய் வாய்மூட
கடைசியில் கடல்மட்டும்; அதை அணைக்க முடியாது.
இருட்டில் வியர்த்தபடி
"வஞ்சிரம் கெட்டுடும்" என்றார் திருமேனி, மெதுவாக.

அப்போது திருகோணமலை.
செல்வச்சந்திரன். ஐந்து-ஒன்பது.
"வாகனத்தில இருந்தோ கதைக்கிறீங்கள்?
எங்க பூட்டினீங்கள் ஆன்டெனாவை?"
நடுக்கூரையில்.
"துளை போட்டோ?"
போட்டுத்தான்.
இரைச்சல் ஒரு முறை ஏறி இறங்கியது.
"மனுசன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

மைக்கை நீட்டியிருக்கலாம். லைசென்ஸ் என் பெயரில்.
பக்கத்தில் அவர் கையால் எதையோ காட்டினார்,
இருட்டில் தெரியவில்லை.
"மழை வரட்டும், சொல்வார்" என்றேன்.
"இஞ்ச இப்ப கொட்டுது" என்றது குரல்.
எழுபத்து மூன்று சொல்லிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் அந்த மழையோ
வேறு மழையோ, கடலூருக்கு வந்தது.
விடியும்வரை டார்ச்சை
ஆணியின்மேல் வைத்தபடி படுத்திருந்தார்.
ஒரு சொட்டு இல்லை.
அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்ததாக நினைக்கிறேன்.

காலையில் வண்டியைக் கிளப்பும்போது பார்த்தேன்.
சாவி வளையத்தில் அந்த வட்டத் தகரம்.
நடுவே டிரில் முதலில் போட்ட பொடித்துளை,
கையைக் கிழிக்காதபடி
ஓரமெல்லாம் தேய்த்த தடம்.

"மடக்கியாச்சா?" என்றார்.