பனிக்கு ஒரு கையெழுத்து

முஹர்ரக். இரவு இரண்டே கால்.
வெயில் போய்விட்டது, வெக்கை போகவில்லை.
காற்றில் கரைந்த கடல்
இறக்கையின் அடியிலிருந்து சொட்டுகிறது,
என் மூக்கு நுனியிலிருந்தும்.
தமிழில் இதற்கும் பனி என்றுதான் பெயர்.

எரெவானுக்கு இறால் ஏற்றிப்போகும்
இரட்டை விசிறி விமானம்.
இறக்கையின் முன்விளிம்பில் கறுப்பு ரப்பர்.
மேலே பனி ஏறினால்
மூச்சிழுத்துப் புடைக்கும் அது.
ஏறியது உடைந்து பின்னால் பறக்கும்.
வேறு வேலை அதற்கில்லை.

காற்றடைத்தேன்.
பஞ்சர் கடைக்காரன் மாதிரி
சோப்பு நீர் பூசி, டார்ச் அடித்து, காத்திருந்தேன்.
வலது இறக்கை, நடுப்பகுதி:
கடுகளவு குமிழி ஒன்று
வந்தது, யோசித்தது, உடைந்தது.
பிறகு இன்னொன்று.

"ஆகஸ்டில் பனியா, நேசன்?"
வாக்கி டாக்கியில் ஜாசிம்.
"பெட்டிக்குள் இருக்கிற ஐஸ் உருகுகிறது.
வராத ஐஸுக்காக நிறுத்தி வைக்கிறாய்."

பதினெட்டாயிரம் அடியில் ஆகஸ்ட் கிடையாது.
அங்கே மேகத்துக்குள்
உறைய மறந்து நிற்கும் நீர்,
தொட்டுக்கொள்ள ஒரு விளிம்பு கிடைக்கும்வரை.
கிடைத்ததும் நினைவு வந்துவிடும்.
இதை நான் சொல்லவில்லை.
"ஒட்டு காய நாலு மணி நேரம்" என்றேன்.
அவன் அரபியில் ஏதோ சொன்னான்.
எனக்குப் புரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

இறக்கையில் பனி படிந்து
நான் பார்த்ததே இல்லை.
ஹித்தில் ஐந்து பேர் இருக்கும் அறையில்
ஃப்ரீசர் கதவு மூடாமல் போகும்போது
வெள்ளிக்கிழமை கரண்டியால் சுரண்டுவோம்.
அதுதான் எனக்குத் தெரிந்த பனி.
அப்புறம், உள்ளங்கையில் இந்தத் தழும்பு:
வேகம் அளக்கும் குழாயை உறையவிடாத சூடு
போன ரமலானில் தந்தது.
பனியால் வெந்தவன் என்று
ஊரில் சொன்னால் யார் நம்புவார்கள்.

தேய்த்தேன், துடைத்தேன், பசை தடவினேன்,
வட்டமாய் வெட்டிய ரப்பரை
கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு
அழுத்தி அழுத்தி ஒட்டினேன்.
மறுபடி சோப்பு நீர்.
குமிழி இல்லை.
இன்னும் ஒரு முறை பார்த்தேன்.
இல்லை.

ஏழு மணிக்கு, விசிறிக் காற்று
சட்டையை முதுகிலிருந்து உரித்தெடுக்க,
ஓடுபாதை முனையில் அது சிறுத்து
வெயிலுக்குள் போனது.
என் கையெழுத்து அதில் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பதிவேட்டில்
கேப்டன் யால்சினின் சாய்ந்த எழுத்து:
'ஏறுகையில் கடும் பனி. ரப்பர் உதறிவிட்டது.
குறை எதுவும் இல்லை.'

அந்தக் கடைசி வரியை
இரண்டு தடவை படித்தேன்.
இறால் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஜாசிம் மட்டும்
இன்னும் பேசுவதில்லை.