கேள்விக்குறிக்கு இடப்பக்கம்

மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
இரண்டு மேசை, ஒரு ஏசி,
அதுவும் ரிஸ்வான் பக்கம் பார்த்தபடி.
படகுச் சங்கத்துக்கு ஒரு சர்வீஸ் எழுதுகிறோம்:
எது கடலில், எது கரையில்.
மூன்று நாளாய்ச் சண்டை
ஒரு சாய்கோட்டுக்காக.

சாய்கோடுதான் அழகு என்கிறேன்.
கடலூர் / சோனாங்குப்பம் / படகு / 417.
டவுன் பஸ் மாதிரி நிறுத்தம் நிறுத்தமாய்ப் போய்
வீட்டு வாசலில் இறங்கிவிடலாம்.
அவனோ, படகுகள் என்று மட்டும் வந்து நில்,
மற்றதைக் கேள்விக்குறி போட்டுக் கேள் என்கிறான்.
எந்த ஊர், என்ன நிறம், எத்தனை குதிரைத்திறன்,
முன்னே பின்னே கேட்டாலும் குற்றமில்லை.
வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும் உனக்கு, என்றேன்.

வாசலில் நிற்கிற எங்கள் ரூட்டருக்குக்
கேள்விக்குறிக்கு இடப்பக்கம் மட்டுமே கண்.
வலப்பக்கம் நீ என்ன எழுதினாலும்
படிக்காமல் உள்ளே அனுப்பிவிடும்,
திங்கட்கிழமை மனு வாங்குகிறவர் போல.

வியாழன் மாலை அஞ்சலாட்சியின் போன்.
சங்கத்தில் டீசல் கணக்கு எழுதுகிறவர்.
"நானூத்திப் பதினேழு ரெண்டு நாளா வரல.
உன் பொட்டி என்னா சொல்லுது?"

என் பாதையைத் தட்டினேன்.
நானூற்று நான்கு. அப்படி ஒன்று இல்லை.
அவன் கேள்வியைத் தட்டினேன்.
இருநூறு, எல்லாம் நலம்,
நடுவே ஒன்றுமில்லாத இரண்டு சதுர அடைப்பு.

இரண்டில் எதையும்
போனில் வாசித்துக் காட்ட முடியவில்லை.
"இருங்கக்கா" என்றேன்.
அந்தப் பக்கம் யாரோ
பிளாஸ்டிக் நாற்காலியை இழுக்கும் சத்தம்.

ரிஸ்வான் என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி
ஊர்=கடலூர் என்பதை
ஒவ்வோர் எழுத்தாய் அழித்தான்.
என்டர்.
ஒரே ஒரு வரி வந்தது:
417, தேங்காய்த்திட்டுத் துறைமுகம், புதுச்சேரி,
இன்று காலை 6:40.

கியர்பாக்ஸ் போயிருக்கிறது.
வேறொரு படகு கயிறு கட்டி இழுத்துப் போய்
கிட்டத்தில் இருந்த கரையில் விட்டிருக்கிறது.
நான்கு பேரும் போனில் சார்ஜ் இல்லாமல்
புரோட்டாக் கடையில்.

"பாண்டியிலயா?" என்றார் அஞ்சலாட்சி.
பிறகு சற்று நேரம் எதுவும் சொல்லவில்லை.
பிறகு, டீசல் பாக்கியைப் பற்றித் திட்டத் தொடங்கினார்.

ராத்திரி பாதையை வெட்டினேன்.
படகு / 417. அவ்வளவுதான்.
ஊரைத் தூக்கிக்
கேள்விக்குறிக்கு அந்தப் பக்கம் வைத்தேன்,
மிதக்கிற பொருளுக்கு
நான் யார் விலாசம் எழுத.

ரிஸ்வான் எழுந்து
ஏசியின் வாயை என் பக்கம் திருப்பிவிட்டான்.
தோற்றவளுக்கு, என்றான்.
அது தண்ணீர் சொட்டியது, என் கீபோர்டில்.