மஞ்சள்

டிசம்பர் மாதத்துக் குவோபியோவில்
மதியம் இரண்டரைக்கே கடையைக் கட்டிவிடும் வெயில்.
அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான்
சூரியத் தகடு செய்கிறாள் ஐனிக்கி.
ஆய்வுக்கூடத்தில் சூரியன் ஒரு விளக்கு,
பொத்தானை அழுத்தினால் நண்பகல்.

நாலாயிரம் படிகங்களை
ஒரே இரவில் எழுதித் தந்தது இயந்திரம்.
எல்லாம் நிலைக்கும் என்றது
கல்யாணத் தரகர் மாதிரி.

முதலாவதைக் கண்ணாடியில் வார்த்துச் சூடேற்றினாள்.
கன்னங்கரேலென்று வந்தது.
காபி குடித்துத் திரும்புவதற்குள்
ஓரத்தில் மஞ்சள்.
இரண்டாவதும் அப்படியே.
பதினேழாவது
அடுப்பிலேயே.

எங்கே படித்தாய் இதையெல்லாம்?
அச்சில் வந்த அத்தனையும் படித்திருந்தது.
அச்சில் வந்தவை
ஜெயித்தவை மட்டும்.

பக்கத்து மேசை உர்போவிடம்
ஒரு ஷூ டப்பா இருந்தது.
ஒன்பது வருடமாய்க் கெட்டுப்போன சில்லுகள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கர் பேனாவில்
தேதி, ஈரப்பதம்,
சில சமயம் ஒரு கெட்ட வார்த்தை.
தூக்கிப் போட மனசு வரவில்லை என்றான்.

மூன்று இரவு உட்கார்ந்து தட்டினாள்
கெட்ட வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டு.
நாலாயிரம் பதினொன்றாகச் சுருங்கியது.
அடியில், முதல்முறையாக,
'எனக்கு நிச்சயமில்லை' என்றொரு வரி.

பதினொன்றில் பத்து மஞ்சள்.
மிச்சம் ஒன்று
வியாழக்கிழமையிலிருந்து
விளக்கடியில் கருப்பாகவே இருக்கிறது.
அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

பத்துச் சில்லுக்கும் டப்பாவில் இடமில்லை.
புது ஷூ வாங்க,
உறைந்த ஏரியைக் குறுக்கே கடந்து
சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறான் உர்போ.