வலது வட்டம்

உலான்பாத்தரில் அன்று மைனஸ் இருபத்தெட்டு.
பேருந்திலிருந்து இறங்கிய முப்பத்தொரு குழந்தைகளும்
வாயால் புகைவிட்டபடி வந்தார்கள்,
குட்டிக் குட்டி ரயில் எஞ்சின்களாய்.

கையுறையோடு தொட்டால் திரை திரும்பிப் பார்க்காது.
கழற்றச் சொன்னார் ஒயுன்சிமெக்.
மேசை விளிம்பில் கம்பளிக் கைகள் குவிந்தன.

திரைக்குள் கோபிப் பாலைவனம்.
விரலால் மணலைத் தள்ளினால்
அடியில் டைனோசர் முட்டை.
தள்ளும்போதெல்லாம் ஒரு காற்றுச் சத்தம்.
அதைப் பதிவுசெய்தது நான்தான்,
என் வீட்டு ஹேர் டிரையரில்.

முட்டை பொரிய இரண்டு கைகள் வேண்டும்.
இடது வட்டத்தில் ஒன்று, வலது வட்டத்தில் ஒன்று,
ஐந்து விநாடி அடைகாக்க வேண்டும்.
வடிவமைத்தவர்கள் கையேட்டில் அதற்கு
'முழுமையான பங்கேற்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தெர்கெலின் முறை வந்தது.
அவனுடைய வலது கை பிளாஸ்டிக்.
வைத்தான். அழுத்தினான்.
பூட்டிய வீட்டைத் தட்டுவதுபோல் தட்டியும் பார்த்தான்.
"இரு கைகளையும் வைக்கவும்" என்றது திரை
கனிவாக,
நான்கு முறை.

வரிசையில் யாரோ தும்மினார்கள்.
ஒயுன்சிமெக் தன் கையை நீட்டப் போனார்.
நான் பாக்கெட்டில் ஸ்க்ரூடிரைவரைத் தேடினேன்,
எடுத்து என்ன செய்வேன் என்று தெரியாமல்.

அதற்குள் அவன் குனிந்து
வலது வட்டத்தில் மூக்கை வைத்தான்.

ஒன்று. இரண்டு.
சளி உறிஞ்சும் சத்தம்.
நான்கு. ஐந்து.
ஓடு விரிந்தது.
ஈரக் கண்ணோடு ஒரு குட்டி எட்டிப் பார்த்தது
அவன் மூக்குக்கு நேரே.

பிறகு யார் கையை வைப்பார்கள்?
மிச்சமிருந்த அத்தனை பேரும்
வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு
மூக்கால் அடைகாத்தார்கள்.
ஏற்கெனவே பொரித்தவர்கள்
மறுபடி வரிசையில் போய் நின்றார்கள்.

மூடிய பிறகு துணியும் ஸ்பிரிட்டுமாகப் போனேன்.
விளக்கைச் சாய்த்துப் பார்த்தால்
இடப்பக்கம் ரேகைமேல் ரேகை,
வலப்பக்கம் மூக்குமேல் மூக்கு.
துடைத்தேன். நாளைக்கு வேறு பள்ளி வருகிறது.

இயந்திரம் தன் பதிவேட்டில் எழுதியிருந்தது:
இடது, உள்ளங்கை.
வலது, அடையாளம் தெரியாத பொருள். பிழை.
பிழை. பிழை. பிழை.
திரையை உருட்ட உருட்ட முடியவில்லை.

ஒவ்வொன்றாய் அழித்து
'மூக்கு' என்று தட்டினேன்.
நிறுவனத்துக்குப் போகும் படிவத்தில்
'பழுதடைந்த பாகம்' என்ற கட்டத்தில்
வலது வட்டம் என்று எழுதினேன்.

கிளம்புமுன்
யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு
நானும் ஒருமுறை குனிந்தேன்.
கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.
உள்ளே மின்விசிறி ஓடவில்லை போல.
அதையும் எழுத வேண்டும்.